மீனுக்கும் அலைக்கும் ஒரே படகு

அன்பு நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்து நான்கு வருஷம் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன், இப்போது கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. சரி, கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, சின்னதாக ஒரு படகு வாங்கித் தூண்டில் போடலாம் என்று தெரியாத்தனமாக வாயைத் திறந்தேன். உங்கள் அக்காவும் ஓய்வு பெற்ற வாரம் அது. அதே வாரம்தான் நீங்களும் புண்ணியம் கட்டிக்கொண்டு அவளுக்கு அலைச்சறுக்குப் பலகை ஒன்றைப் பரிசாக அனுப்பிவைத்தீர்கள். ஐயா, ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருக்கக் கூடாதா? ஒன்பதடிப் பலகை, கூடத்தில் நான் நடக்கிற வழியில் குறுக்கே கிடக்கிறது. நாலு மாசமாக ஒரு பயிற்சியாளரிடம் கரையோரத்தில் கற்றுக்கொண்டவள் போன மாதம், "கரை அலையெல்லாம் பத்தலைங்க. நல்ல அலை அந்தப் பாறைத்திட்டுக்கிட்டதான் உடையுது. நீங்க வாங்கப்போற படகுலயே போயிடலாம். நான் அலைல போறேன், நீங்க மீன் பிடிங்க" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. தூண்டில் போட ஆடாத படகு வேண்டும், அலைக்குப் போக ஓடுகிற படகு வேண்டும், இரண்டும் ஒன்றாக எங்கே கிடைக்கும்? முதலில் பார்த்தது தட்டையடிப் படகு. எனக்குப் பிடித்திருந்தது. "ஒரு அலை வந்தா கவுந்துடும்" என்றாள். இரண்டாவது ஒல்லியாக நல்ல வேகம், ஆனால் பிடித்த மீனை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ரப்பர் படகு, இரண்டு பேருக்குமே பிடித்துப்போய்விட்டது. உட்கார்ந்து வீச வசதியாக இருக்கிறதா என்று அங்கேயே தூண்டிலை வீசிப் பார்த்தேன். முள் எதில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "சார், கடைக்குள்ள யாராவது தூண்டில் வீசுவாங்களா சார்!" என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் படகு பாதியாகிவிட்டது. நாலாவது, நாலு பேர் போகிற ஃபைபர் படகு. லிஃப்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேலே கால் பங்கு ஏற்றிப் பார்த்துத்தானே எனக்குப் பழக்கம்? அஞ்சு பேரை ஏற்றினேன். கடைக்காரர், மெக்கானிக், கணக்கெழுதுகிற அம்மா, உங்கள் அக்கா, நான். படகுத்துறையிலேயே, இடுப்பளவுத் தண்ணீரில், உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே அஞ்சு பேரும் கீழே இறங்கினோம். உங்கள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், வெளியே மூச்சு விடாதீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அப்பா கேட்டபோது "ஓ, நல்லா நீந்துவேனே" என்று அள்ளிவிட்டேன். உங்கள் வீட்டில் கைக்குழந்தை தவிர எல்லாரும் நீந்துகிறவர்கள், வேறென்ன சொல்ல? முப்பத்தாறு வருஷமாக அதைக் காப்பாற்றி வருகிறேன். தண்ணீர் என்றாலே எனக்குச் சளி, காதுவலி, அவசர வேலை. இப்ப அந்தப் பாறைத்திட்டுக்கிட்ட அவ விழுந்தா, நான் படகுல உட்கார்ந்து பாத்துக்கிட்டுதான்யா இருக்கணும். நினைச்சா சாப்பாடு இறங்கமாட்டேங்குது. பயமா இருக்குய்யா. நீங்க சொன்னா கேப்பா. முதுகுவலி, வயசு, எதையாவது சொல்லி அந்தப் பலகையைத் திருப்பி அனுப்பச் சொல்லிடுங்க. என் பேரு மட்டும் வரக்கூடாது.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, தரைமேலேயே நல்ல உத்தியோகம் பார்த்து, நூறாண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இது மூன்று வாரம் தாமதமாக வருகிறது. எங்கள் அலுவலகத்தில் இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் வெளியே போகாது. பழக்கதோஷம், எழுதி முடித்த கையோடு, "படிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போடு" என்று எதிரே நீட்டிவிட்டேன். இந்த வீட்டில் எதிரே வேறு யார் இருப்பார்கள்? முழுக்கப் படித்தாள். "தம்பிகிட்ட சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலையிலேயே நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் என் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு "காலை அடிங்க, காலை அடிங்க" என்று ஒரே விரட்டல். நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. நேற்று பாதி வழியிலேயே கையை எடுத்துவிட்டாளாம், பாவி, சொல்லவே இல்லை. நான்பாட்டுக்குப் போய் எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அவள் குளத்து நடுவிலேயே நிற்கிறாள். ஆகையால் பலகையைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவளுக்குப் போன் பண்ண வேண்டாம். சனிக்கிழமை படகு வருகிறது, அவளே பார்த்துப் பேசி முடித்த படகு. நேற்று குளத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் பேனாவைக் கேட்டு வாங்கினாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.