என் மண்டைக்குள் காலி நாற்காலி இல்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நானும் என் மனைவியும் தங்கள் மகளும் நலம். வெளியூர் வேலையில் இருக்கும் என் மகனும் நலம். எல்லோரையும் விட என் மூளை நலம். சும்மா சொல்லவில்லை, இரண்டு முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரே சொன்னார். அதை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுநடுவே குறுக்கிட்டுக் கோபப்படுவீர்கள். காகிதத்தோடு சண்டை போட முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் போனில் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "சம்பந்தி, என் பொண்ணு கதிரியக்கத்துல கையை வெச்சுக்கிட்டிருக்கா. நான் சொன்னா எரிஞ்சு விழறா. மாமனார் சொன்னா கேப்பா. எப்படியாவது அந்த வேலையை விட வெச்சுடுங்க" என்றீர்கள். அவள் யாரிடமோ "அரை ஆயுள் இருபது நிமிஷம்தான்" என்று பேசியதைக் காதாரக் கேட்டதாகவும், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்றும் சொன்னீர்கள். நூறு வயசு இருக்கணும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்த்திய பிள்ளை அல்லவா. அன்று மாலையே அவளிடம் நைசாகக் கேட்டேன். "ஏம்மா, இந்த அரை ஆயுள்ங்கிறாங்களே, அது யாருக்கும்மா?" அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று சிரித்தாள். "மருந்துக்கு மாமா, எனக்கில்ல. ஒவ்வொரு இருபது நிமிஷத்துக்கும் அதோட வீரியம் பாதி பாதியா குறையும். உடம்புல தங்காது. அதனாலதான் அதை எடுத்துக்கிறோம்."

சொன்னதை அப்படியே நம்பிவிட முடியுமா? நான் மின்வாரியத்தில் மீட்டர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரர்கள் சொன்னதை எல்லாம் நம்பியிருந்தால் வாரியத்தையே என்றைக்கோ இழுத்துப் பூட்டியிருப்பார்கள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது, ஆனால் அவளுக்குத் தெரியாமல் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: புதிய மருந்து ஒன்றை வைத்து மூளையைப் படம் எடுக்க, அறுபது வயதைத் தாண்டிய ஆரோக்கியமான ஆள் தேவை. நேரே உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். தங்கள் மகள் அடித்தளத்தில் மருந்து செய்கிறவள்; மேலே படுக்கிற ஆளின் பெயர் அவளுக்குப் போகாதாம், எண் மட்டும்தான் போகுமாம். எனக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று. உறவுக்காரர் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த டாக்டர் ஒரு நிதானமான அம்மாள். பொறுமையாக விளக்கினார். மூளையில் ஏற்பிகள் என்று கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். நாற்காலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு வகை நாற்காலியிலும் அதற்கென்று உள்ள சரக்குதான் உட்காரும். நம் பெண் செய்திருக்கிற மருந்து, ஒரே ஒரு வகை நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று வெளியே சமிக்ஞை கொடுக்கும். பெட் ஸ்கேன் இயந்திரம் அதைப் பிடித்துப் படமாகப் போடும். எலியில் நன்றாக வந்துவிட்டது. மனிதரில் நான்தான் முதல் ஆள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு, ஸ்கேனுக்கு முன்னாடி அஞ்சு நாள் காபி குடிக்கக் கூடாது, ஏன்னா…" என்று காரணத்தையும் சொன்னார். காபி கூடாது என்ற இடத்திலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தக் காரணத்தை மட்டும் அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

வீட்டில் உண்மையைச் சொல்ல முடியாதே. வயிறு சரியில்லை, டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னார் என்று என் மனைவியிடம் புளுகினேன். அவள் பாவம், வறுத்த பார்லிப் பொடி வாங்கி வந்து காபி நிறத்தில் ஏதோ கலந்து கொடுத்தாள். முதல் நாள் தலை வெடித்துவிடும் போல இருந்தது. செய்தித்தாளைப் பார்த்துக் கத்தினேன், மின்விசிறியைப் பார்த்துக் கத்தினேன், தபால்காரரிடம் அடுத்த வீட்டுத் தபாலுக்காகச் சண்டை போட்டேன். இரண்டாம் நாள் மதியத்திலிருந்து என்ன மாயமோ, தலைவலி போய்விட்டது. பார்லியும் அருமையாக இருந்தது. "பழகிட்டா எல்லாம் ருசிதான். காபி காபின்னு ஜனங்க எதுக்கு அலையறாங்களோ" என்று அவளிடமே உபதேசம் செய்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கேன் அன்று பயத்தில் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பிள்ளைகள் கல்யாணத்தன்று பார்த்திருக்கிறீர்கள். முதுகுப் பக்கம் திறந்த ஓர் அங்கியைக் கட்டிவிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் வயிறு கூப்பிட்டது. நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட அதே நேரத்தில் கீழே மருந்து தயாராகிவிட்டதாம். சம்பந்தி, அந்த மருந்தை முதல் நாளே செய்து வைக்க முடியாது. அங்கேயே ஒரு பெரிய இயந்திரத்தில் கதிரியக்கக் கார்பனை உண்டாக்கி, ஈயச் சுவருக்குப் பின்னால் இயந்திரக் கையால் மருந்தோடு சேர்த்து, சுத்தம் பார்த்து, ஓட்டமாக மேலே கொண்டு வர வேண்டும். இந்த ஓட்டம் அத்தனையும் ஓடி வந்தவளுக்கு முன்னால் மூடிய கதவு ஒன்று. வெளியே ஆள் சேர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பழக்கமான குரல், "சார், தயவு செஞ்சு வெளிய வாங்க, மருந்து குறைஞ்சுக்கிட்டே இருக்கு" என்றது. நான் தெரியாத்தனமாக, "ரெண்டு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டேன். வெளியே அதே குரல் திடுக்கிட்டது. "மாமா?"

கதவைத் திறந்தேன். ஈயப் பெட்டியோடு தங்கள் மகள் நிற்கிறாள், நான் அங்கியைப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்படி ஒரு கோலத்தில் எந்த மாமனாரும் மருமகள் முன்னால் நின்றிருக்க மாட்டான். அவள் திட்டவில்லை. "அப்புறம் பேசிக்கலாம் மாமா, முதல்ல படுங்க" என்றாள். லாரி டயர் மாதிரி ஒரு வளையத்துக்குள் தலையை வைத்து, அசையாமல் பிடித்துக்கொள்ள முகத்தில் வலை ஒன்றை மாட்டினார்கள். கையில் ஊசி வழியாக மருந்து போயிற்று. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்கு மட்டும் கடைசி வரை அரித்தது. உளவு பார்க்க வந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்தேன். அவள் கோட்டில் கதிர்வீச்சை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்றைக் குத்தியிருக்கிறாள். மீட்டர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வலையை மாட்டுவதற்கு முன்பே சாய்ந்து படித்துப் பார்த்துவிட்டேன். முள்ளு அசைந்த மாதிரியே தெரியவில்லை. இருந்தாலும் நான் தங்கள் பக்கம்தான்.

படம் வந்தது. ஒன்றுமே இல்லை. மங்கலாகச் சாம்பல் பூசின மாதிரி ஒரு மண்டை. வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லை. கழிவறையில் நான் மருந்தை வீணடித்ததால்தான் என்று கூனிக் குறுகிப்போனேன். அதெல்லாம் இல்லை, கணக்குப் பார்த்தாயிற்று, உள்ளே போன மருந்து போதும் என்றார் டாக்டர். "காபி குடிச்சீங்களா?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். என் பிள்ளை மேல் ஆணையாக இல்லை என்றேன்.

அன்று சாயங்காலம் தங்கள் மகள் சமையலறையில் மேடை மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கோபித்திருந்தால் கூடத் தேவலை. "எலியில வந்துச்சு அத்தை, மனுஷன்ல வரல. நாலு வருஷம் அத்தை. வர்ற வாரம் கூடிப் பேசி இந்த மருந்தை நிறுத்திடுவாங்க" என்றாள். அந்த வேலையை விட வைக்க வேண்டும் என்றுதானே நான் கிளம்பினேன், சம்பந்தி. தானாகவே போகப்போகிறது, நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். துளியும் நிம்மதி இல்லை. என் மனைவி ஒன்றும் புரியாமல், ஆறுதலுக்கு எனக்கென்று கலந்து வைத்த டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். தங்கள் மகள் ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"அத்தை, இது காபி."

என் மனைவி முந்தானையைத் திருகினாள். "ரெண்டு ஸ்பூன்தாம்மா போட்டேன். வேளாவேளைக்கு. அவர் மூஞ்சியைப் பாக்க முடியல." மீட்டரில் காந்தம் வைத்து மின்சாரம் திருடியவனை எல்லாம் வாசலிலிருந்தே கண்டுபிடித்தவன் நான், என் டம்ளரில் காபி இருந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. பெட் ஸ்கேனுக்காகத்தான் காபியை விட்டேன் என்று உண்மையைச் சொன்னதும், "நம்ம கட்டிலை எதுக்குங்க ஸ்கேன் பண்றாங்க?" என்று கேட்டாள். தங்கள் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் ஆரம்பித்தாள். விஷயம் இதுதான்: அவள் மருந்து தேடுகிற அதே நாற்காலியில்தான் காபியும் போய் உட்காருமாம். அவள் மருந்து போய்ப் பார்த்தபோது என் மண்டைக்குள் ஒரு நாற்காலி கூடக் காலி இல்லை. எல்லாவற்றிலும் காபி சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி காபியை நிறுத்தினேன். இந்தத் தடவை பார்லியைத் தங்கள் மகளே கலந்து கொடுத்தாள். அந்தக் கண்றாவியைப் பற்றி எழுத மாட்டேன். மறுபடி படுத்தேன். படம் வந்தது. சம்பந்தி, என் மூளைக்கு நடுவில் இரண்டு பக்கமும் விளக்குப் போட்ட மாதிரி ஜெகஜ்ஜோதியாக இருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். காபி குடித்தால் மறைகிறது, விட்டால் தெரிகிறது. ஆக மருந்து கண்ட இடத்தில் உட்காரவில்லை, தன் நாற்காலியில்தான் உட்காருகிறது என்று நிரூபணமாகிவிட்டதாம். "பின்னாடி தனியா பண்ண வேண்டிய சோதனையை அத்தை ரெண்டு ஸ்பூன்ல முடிச்சுட்டாங்க" என்றாள். மருந்தை நிறுத்தவில்லை. அடுத்த கட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதியது எதற்கென்றால், இது ஆபத்தான வேலைதான் என்பதில் நானும் தாங்களும் ஒரே கட்சி. அவளுக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை, மாமனாருக்கு இருக்கிறது. கொடுத்த வாக்கை மீறுகிறவன் நானில்லை. இன்று மாலை அவள் வந்ததும் வேலையை விடச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் கவலையை விட்டு வேளைக்குச் சாப்பிடவும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். மாலை சொல்லத்தான் போனேன். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உங்கப்பா ரொம்பப் பயப்படறார்" என்று ஆரம்பித்தேன். "மாமா, அப்பா இப்பல்லாம் டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறார், பாத்தீங்களா?" என்றாள். "அப்பவும் நடுங்குது. கேட்டா குளிருதும்மாங்கிறார். மேல கேக்க விடாம என் வேலையைத் திட்ட ஆரம்பிச்சுடறார். கை நடுங்கறவங்க மூளையில என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் மாமா இந்த மருந்தே. அடுத்தது அவங்களைத்தான் கூப்பிடப் போறோம். அப்பாகிட்ட எப்படி மாமா கேக்கறது?" ஒரே துண்டை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து நின்றாள். வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேச்சைத் தாங்களே நேரில் வந்து பேசிக்கொள்ளுங்கள்.

அதற்கு வசதியாக இப்போதுதான் டாக்டருக்குப் போன் போட்டு, உள்ளதை எல்லாம் ஒப்புக்கொண்டு, தங்கள் பெயரைக் கொடுத்தேன். "உங்க வீட்ல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். தங்கள் மகளுக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன். வரும்போது கம்பளி ஒன்றும் எடுத்து வர வேண்டாம். இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கேயும் கொளுத்துகிறது என்று நேற்றுச் செய்தியில் சொன்னார்கள், சம்பந்தி.