கோப நிவாரண ஆபீஸ்

மக்களின் கோபம் பெருகிவருவதைச் சமஸ்தானத்தார் மிகுந்த கவலையோடு கவனித்து, அதைத் தணிக்கப் புதுக்கோட்டையில் தனி ஆபீஸ் ஒன்றை ஏற்படுத்தினார்கள். கோபத்தின் காரணங்களைக் கவனிக்க ஏற்கெனவே பல இலாகாக்கள் இருந்தன. அவற்றால்தான் கோபமே வந்தது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர்க் கண்மாயின் மடை உடைந்ததும் உண்ணாமலை அந்த ஆபீசுக்கு ஓடினாள். அந்த வருஷத்து நெல்லை நம்பித்தான் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தாள்.

“மடை உடைஞ்சு தண்ணியெல்லாம் வீணாப் போகுதுங்க! பயிரு கருகிரும்!”

“கோபமாக இருக்கிறீர்களா?” என்றார் ஆபீசர் ஆத்மநாதன்.

“பின்னே இருக்காதாங்க?”

“கோபத்தோடு கொடுக்கும் மனு செல்லாது. முதலில் மோர் குடியுங்கள்.”

குடித்தாள்.

“இப்போது?”

“வயிறு குளுந்திருக்குங்க.”

“பேஷ்! கோபம் தணிந்தவருக்கு மனு எதற்கு?” என்று ஆபீசர் முத்திரை குத்தினார்.

“அப்ப மடை?”

“மடை கோபமாக வந்தால் அதையும் கவனிப்போம், அம்மா.”

அவள் ஊர் திரும்பிச் சொன்னதைக் கேட்டு எங்களுக்கு ரத்தம் கொதித்தது. வண்டி கட்டிக்கொண்டு எல்லோருமாகப் போய்க் கூச்சல் போட்டோம். உட்கார ஜமக்காளம், தலைக்கு மேலே விசிறி, கிராமபோனில் பாட்டு, ஆளுக்கொரு டம்ளர் மோர். சாயங்காலம் பரம சாந்தமாகத் திரும்பினோம். மறுநாளும் போனோம். அதற்கு மடை மட்டும் காரணம் என்று சொன்னால் பொய்.

“தினமும் இவ்வளவு தூரம் வரணுமாங்க?” என்று எங்களோடு வந்த நாகராசு ஒருநாள் சீறினான். கோரிக்கை நியாயமானது என்று சர்க்கார் உடனே ஒப்புக்கொண்டது. கண்மாய்க் கரையிலேயே கிளை ஆபீஸ் எழும்பியது. மடையைக் கட்ட இறக்கியிருந்த செங்கல்லும் சுண்ணாம்பும் அதற்குச் சரியாகப் போயிற்று.

திறப்பு விழாவன்று சுற்றிலும் பயிர் கருகிக் கிடந்தது. கல்யாணமும் நின்றுபோயிருந்தது. உண்ணாமலை ஒரு வாய் மோர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஒரே தண்ணியா இருக்கு. நம்ம கண்மாய்த் தண்ணி எங்கிட்டுப் போச்சுன்னு இப்பத்தான் தெரியுது!”

ஆபீசர் பதறி எழுந்தார். அவருக்கு நாங்கள் வேலையே வைக்கவில்லை.

“சும்மா இரு உண்ணாமலை, நல்ல காரியம் நடக்கிற எடத்துல!” என்று ஊரே கூடி அவளைச் சமாதானப்படுத்தினோம், சம்பளமில்லாமல்.