முக்காலில் நின்ற முள்

நான் ஓர் அரைகுறை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதையும் கழற்றத் தெரியும். திரும்ப மாட்டத் தெரியாது. (கழற்றவும் தெரியாது என்பது என் மனைவி கோமதியின் கட்சி.)

எங்கள் காருக்கு எங்கள் மகளைவிட வயது அதிகம். டேஷ்போர்டில் மீட்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் காது இரண்டும் உடைந்துபோய், செவிலிமேட்டில் வண்டியைக் கிளப்பினால் பஸ் ஸ்டாண்ட் வரை கடகடவென்று பல்லை அடித்துக்கொண்டே வரும். மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் நாலு வீடியோ பார்த்தவன் மெக்கானிக்கிடம் போவானா? உடைந்த இடத்தில் பசையை விட்டு, மேலே ஆப்பசோடாவைத் தூவினால் கல் மாதிரி இறுகிவிடுமாம். சமையலறையிலிருந்து சோடா டப்பாவைக் கடத்தினேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாமென்று கார் சாவியையும் திருப்பி வைத்துக்கொண்டேன்.

கடகட நின்றது. கூடவே இன்னோர் அதிசயம். அன்றிலிருந்து வண்டி பெட்ரோல் குடிப்பதையே விட்டுவிட்டது. எவ்வளவு ஓட்டினாலும் மீட்டரில் முக்கால் டேங்க். சாவியை எடுத்துவிட்டாலும் முக்கால் டேங்க்.

நான் பட்டுச்சேலைக் கடையில் விற்பனையாளன். வாய் சும்மா இருக்குமா? வந்தவர்களுக்கெல்லாம் முந்தானையை விரித்தபடியே விளக்கினேன். "ஆட்டம் நின்னா இன்ஜினுக்கு அலைச்சல் கம்மிங்க. மைலேஜ் தானா ஏறிக்கும்."

கோமதிக்கு மட்டும் சந்தேகம். "ஏங்க, முள்ளு அசையவே மாட்டேங்குதே?"

"அதாம்மா மைலேஜ்."

அடுத்த வாரம் அவள் தம்பி செந்திலுக்குத் திருப்புட்குழி கோயிலில் கல்யாணம். ஒன்பது மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். மாப்பிள்ளைக்கென்று வாடகைக் கார் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் நானே போன் போட்டு அதை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். (இப்படியொரு வண்டி வீட்டில் இருக்கும்போது எதற்கு?)

கல்யாணத்தன்று காலை, கோமதி முன்னாடியே கோயிலுக்குப் போய்விட, மாப்பிள்ளையையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டி வயல் தொடங்கும் இடத்தில் கார் இரண்டு விக்கல் விக்கிவிட்டு நின்றது. பானெட்டைத் திறந்து, பிளக், பேட்டரி, ஒயர் என்று எனக்குப் பெயர் தெரிந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

"பெட்ரோல் இருக்குதா மாமா?" என்றான் செந்தில்.

"முக்கால் டேங்க் இருக்குதுபா."

அவன் மாலையோடு குனிந்து மீட்டரைத் தட்டினான். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "முள்ளு மேல இன்னா மாமா, வெள்ளையா?"

ஆப்பசோடா. கல் மாதிரிதான் இறுகியிருந்தது.

பின் சீட்டில் இருந்த மாமியார் என்னைத் திட்டவில்லை. மணி மட்டும் கேட்டார். எட்டு இருபது.

அந்த நேரம் பார்த்துத் திருப்புட்குழி வழியாகத் தாமல் போகும் பஸ் வந்தது. செந்தில் ஒரு கையில் மாலையையும் மறு கையில் வேட்டியையும் பிடித்துக்கொண்டு ஓடினான். பின்னாலேயே மாமியார். உள்ளேயிருந்து ஒரு குரல்: "யோவ், மாப்பிள்ளை வந்துக்கினு இருக்காரு, எடம் வுடுங்கபா."

நான் யாரிடமோ கெஞ்சி ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டு வேட்டியெல்லாம் பெட்ரோல் வாடை. பெண்வீட்டுக்காரர் ஒருவர், "இவரு யாரு?" என்றார். "மாப்பிள்ளைய பஸ் ஏத்திவுட்டவரு," என்றாள் கோமதி. இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

போன மாதம் செந்தில் மகனுக்குத் திருத்தணியில் மொட்டை. "மீட்டரையே புதுசா மாத்திட்டேன்பா. எல்லாரும் நம்ம கார்லயே போயிடலாம்," என்றேன்.

செந்தில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாங்க நடந்தே வந்துடறோம் மாமா."