மாட்சிமை தங்கிய உங்கள் மச்சான்

மொன்ட்ரியால்-நோர்
17.05.2005

அன்பும் மதிப்பும் நிறைந்த அருமைநாதன் அண்ணைக்கு,

தங்கை றோசலின் எழுதுவது. லண்டனில் நீங்களும் அண்ணியும் நலமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். இங்கு நானும் மகள் செலீனும் சுகம். உங்கள் மச்சான் கிறகரி சுகமா இல்லையா என்பதை இதை முழுக்க வாசித்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களுக்குத் தொலைபேசி எடுத்து, தான் ராசாவாக நடித்த நாடகத்துக்கு மண்டபமே எழுந்து நின்று கை தட்டியதாகவும், மகளின் படிப்புக்குத் தானாகவே மனமிரங்கி அனுமதி கொடுத்ததாகவும் சொன்னாராம். மண்டபம் எழுந்து நின்றது உண்மை. மற்றதெல்லாம் அரண்மனை அறிக்கை. உள்ளபடி நடந்ததை நான் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் பங்கில் அன்டன் மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். வருடாவருடம் ஏரோதையும் பிலாத்துவையும் மேடையேற்றுகிற அவருக்கு இந்த வருடம் என்ன வந்ததோ, இங்கிலாந்தில் மகாராணியார் காலமாகி ஒன்பதாம் ஹென்றி என்று ஒரு புது ராசா முடிசூடுவதாகக் கற்பனை செய்து நாடகம் எழுதிவிட்டார். (அண்ணை, உங்கள் ஊர் மகாராணியாருக்கு ஒரு குறையும் இல்லைத்தானே? எழுதியது நாங்கள் இல்லை.) அரண்மனையில் பாதி அறைகளை வீடில்லாத சனங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் கொண்டுவரும். ராசா கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நாலு காட்சிக்கு நிற்பார். ஐந்தாம் காட்சியில் சனம் வாசலுக்கு வந்ததும் வைப்பார். ராசா வேடம் உங்கள் மச்சானுக்கு. பிரதமராக வரவிருந்தவர் முதுகுப்பிடிப்பென்று வராமல் விட்டதால் அந்த வேடம் அல்போன்சம்மாவுக்குப் போனது. அவர் இங்கே ஒரு garderie-இல், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், இருபது குழந்தைகளை ஒரே அதட்டில் நித்திரையாக்குகிறவர். எனக்கு வேடமில்லை. ஓரத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் மேடைச் சாமான்களைப் பார்ப்பதும் என் வேலை.

இவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை செய்கிறார். ஒருநாளும் ஒருவரும் இவரிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. திடீரென்று ஒரு முழுப் பாராளுமன்றமே வந்து கையெழுத்துக் கேட்டால் மனிதனுக்குத் தலை சுற்றத்தானே செய்யும்? ஒத்திகை தொடங்கி இரண்டாம் கிழமை ராசாவின் முடியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கழற்றினால் பாத்திரத்தின் பாவம் கலைந்துவிடுமாம். அதோடேயே சோறு சாப்பிட்டார். ஒருநாள் சோபாவில் இருந்தபடி, "யாரங்கே! தேநீர் கொணர்க!" என்றார்.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை. கேத்தில் அங்கை கிடக்கு" என்றேன்.

அதுவரை சிரிப்புத்தான். அந்த வேளையில்தான் செலீனுக்குக் கடிதம் வந்தது. மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையில் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். வீட்டிலிருந்து போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். ஆகவே அங்கேயே விடுதியில் தங்கவேண்டும். விடுதிப் பத்திரத்தின் அடியில் தகப்பனின் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. பிள்ளை அதைக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்தாள்.

"மாடு பாக்கவோ கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்றார் இவர்.

"மாடு இல்லை அப்பா. மண்."

"மண்ணிலை படிக்க என்ன கிடக்கு? பெட்டைப்பிள்ளை தனிய இருக்கிறதோ? என்ரை கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டிலை ஒண்டும் நடவாது."

கடைசி வசனம் நாடகத்தில் வருவது. நாட்டுக்குப் பதிலாக வீடு என்று மாற்றியிருந்தார், அவ்வளவுதான். செலீன் சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கல்லூரியால் வந்ததும் பத்திரத்தை அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள். அவர் அதன்மேல் கோப்பையை வைப்பார். மூன்று வட்டக் கறை விழுந்துவிட்டது. நானும் கெஞ்சிப் பார்த்தேன், சமையலை நிறுத்திப் பார்த்தேன். மனிதன் தொழிற்சாலைப் பாணைக் கொண்டுவந்து சம்பலோடு ராசகம்பீரமாகச் சாப்பிட்டார். பத்திரம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். நாடகம் சனிக்கிழமை. நான் அல்போன்சம்மாவிடம் போய் அழுதேன்.

அவர் கேட்டார்: "கடைசிக் காட்சியிலை கையெழுத்து வைக்கிற சிவப்புக் கோவையை ஆர் மேசையிலை வைக்கிறது?"

"நான்தான்."

"பேந்தென்ன?"

அண்ணை, செய்தது பிழையென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். கோவைக்குள் சட்டத்துக்குப் பதிலாக விடுதிப் பத்திரத்தை வைத்தேன்.

சனிக்கிழமை முந்நூறு பேருக்குக் குறையாது. பங்குத்தந்தை முன் வரிசையில். செலீன் மூன்றாம் வரிசையில், இதொன்றும் தெரியாமல். ஐந்தாம் காட்சி வந்தது. அல்போன்சம்மா கோவையைத் திறந்து நீட்டினார். இவர் பேனாவை எடுத்தார், குனிந்தார், அப்படியே நின்றார். மகளின் பெயரையும் தன் மூன்று வட்டங்களையும் கண்டுவிட்டார். நான் திரைக்குப் பின்னால் இருந்து, "மக்கள் வென்றனர், மக்கள் வென்றனர்" என்று வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். இவர் என் பக்கம் திரும்பி இரகசியமாகக் கேட்டார்:

"என்னடி இது?"

சட்டையில் குத்தியிருந்த மைக் அதை மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கொண்டுபோனது. சனம் சிரித்தது. இவருக்கு ரோசம் வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து, "நாம் ஒப்பமிடோம்!" என்று முழங்கினார். திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற அன்டன் மாஸ்டர் தலையில் கைவைத்து, "ஐயோ, இது என்ரை நாடகத்திலை இல்லை" என்றார்.

அல்போன்சம்மா அசையவில்லை. "மன்னா, வாசலில் மக்கள் நிற்கிறார்கள்."

"நிற்கட்டும்! தனியே போனால் ஆர் பாக்கிறது? காய்ச்சல் வந்தால் ஆர் கஞ்சி வைச்சுக் குடுக்கிறது?"

செந்தமிழ் அத்தோடு போய்விட்டது. வீடில்லாத சனத்துக்காக ராசா இப்படி உருகுகிறார் என்று நினைத்து முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"பாராளுமன்றத்துக்குக் கஞ்சி வைக்கத் தெரியும். கையெழுத்தை வையுங்கோ."

"ஒரு திருத்தம்! ஒவ்வொரு வெள்ளியும் வீட்டை வரவேணும்!"

"நிராகரிக்கப்படுகிறது. மாதம் ரெண்டுதரம்."

"மூண்டு!"

அப்போதுதான் செலீனுக்கு விளங்கியிருக்கவேண்டும். எழும்பி நின்று சொன்னாள்: "மூண்டுதரம் வாறன் அப்பா."

இவர் பிள்ளையைப் பார்த்தார். அல்போன்சம்மாவைக்கூட எதிர்க்கத் துணிந்த மனிதன் குனிந்து பேனாவை எடுத்து நீளமாக ஒரு கையெழுத்தைப் போட்டார். சனம் எழுந்து நின்றது. மண்டப வாசலில் அன்டன் மாஸ்டரின் கையைப் பிடித்து, இப்படிப் புதுமையான முடிவை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். "பல மாதம் யோசிச்சனான்" என்றார் அந்த மனிதர், கண் வெட்டாமல்.

நான் கோவையைத் திறந்தும் பார்க்கவில்லை. திரும்பவும் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் அப்படியே செலீனிடம் கொடுத்தேன். அவள் உறையில் போட்டுத் திங்கள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

இதுதான் அண்ணை நடந்தது. இவர் மனமிரங்கவில்லை, தோற்றுப்போனார். தோற்றவர் வென்றதாக லண்டன் வரைக்கும் அறிவிக்கிறார், நீங்களும் நம்பி "கெட்டிக்காரன் மச்சான்" என்றீர்களாம். தயவுசெய்து அடுத்த அழைப்பில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் முத்தங்கள். மாதாவின் காவல் உங்கள் வீட்டு வாசலை விட்டு அகலாதிருக்கட்டும்.

அன்புத் தங்கை
றோசலின்

பி.கு.: இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டப்போன நேரத்தில் விடுதிக் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது. பத்திரத்தில் கையெழுத்து வைத்திருக்கும் "ஹென்றி ஆர்" என்பவர் யார் என்று ஒரு பெண் கேட்டாள். R என்ற எழுத்து லத்தீனில் அரசரைக் குறிக்கும் என்று மாஸ்டர் பழக்கியிருக்கிறார். மனிதன் ராசாவின் கையெழுத்தைப் போட்டுவிட்டது! நான் விக்கி விக்கி மன்னிப்புக் கேட்க, அந்தப் பெண் சிரித்துவிட்டு, அந்தக் கோடு பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான், செலீனுக்குப் பத்தொன்பது, அவள் கையெழுத்தே போதும், இடம் உறுதி என்றாள்.

செலீனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியும் அம்மா. முதல் நாளே வாசிச்சனான்."

"அப்ப ஏனடி எங்களை இந்தப் பாடு படுத்தினனீ?"

"அப்பாட்டைக் கேக்காமல் போக மனம் வரேல்லை."

திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் நிற்கிறார், வேலையால் வந்த உடுப்போடு. எல்லாம் கேட்டிருக்கிறார். சப்பாத்தைக் கழற்றினார். மேசைக்கு வந்து இருந்து சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"அந்தத் தாளைத் திருப்பி எடுப்பியுங்கோ. என்ரை பேரிலை வடிவாய்ப் போட்டுத் தாறன்."

"தேவையில்லையாமப்பா" என்றேன்.

"தேவையில்லாட்டிலும் போடுவன்" என்றார்.