தொட்டிலில் அசைவில்லை

ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பவனை ஊரில் நிதானமானவன் என்பார்கள். என் வீட்டில் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். (இங்கே எழுத முடியாது.)

மகளுக்கு அப்போது ஆறு மாதம். மனைவி கயல் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் மாமனார் எங்கள் திருவானைக்காவல் வீட்டுக்கு வந்திருந்தார். ரயில்வேயில் முப்பது வருடம் சிக்னல் வேலை பார்த்தவர். டூட்டியில் ஒரு நாள்கூடக் கண் அசந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. குழந்தையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட் கேமரா ஒன்று வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல யார்கிட்டயாச்சும் கேட்டு வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்க. உபயோகமா இருந்தா வாங்கிக்கலாம்" என்றாள் கயல்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தார். படுக்கையறையில் தொட்டிலுக்கு மேலே மாட்டினேன். செல்போனில் பிள்ளை தெரியும். பொத்தானை அழுத்தினால் நாம் பேசுவதும் அந்த அறையில் கேட்கும்.

மறுநாள் காலை பாலக்கரை ஆபீஸில் மேனேஜர் முன்னால் நின்றிருந்தபோது போன் அலறியது. திரையில் சிவப்பு எழுத்து: 'தொட்டிலில் அசைவில்லை.' திறந்து பார்த்தால், அசைவதற்கு அங்கே ஆளே இல்லை. ஒரு குல்லாய் மட்டும் கிடந்தது.

மாமாவுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. பேசும் பொத்தானை அழுத்தி "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். (ஆறு மாதக் குழந்தை "என்னப்பா?" என்று கேட்கும் என நினைத்தேனோ என்னவோ.) போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பாய்ந்தேன். பொத்தானை அணைக்க மறந்தேன்.

காவிரிப் பாலத்தில் நெரிசல். "அந்த மனுசன நம்பி விட்டுட்டு வந்தேனே! தூங்கியிருப்பாரு! கண்டிப்பாத் தூங்கியிருப்பாரு!" என்று வாய்விட்டு அழுதேன்.

"அழாதீங்க சார். முன்னாடி பஸ்ஸு நகரட்டும், பறந்துரலாம்" என்றார் ஆட்டோக்காரர்.

வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். என்னுடையதைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன். ஹாலில், புடவைத் தூளிக்குள் மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து அவள் மூச்சைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டேன். இனி உலகத்தில் எது நடந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

நடந்தது.

படுக்கையறைக் கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. அதன் முன்னால் குடையை ஓங்கியபடி மாமனார். பின்னால் அக்கம்பக்கத்தார், ஆளுக்கொரு துடைப்பத்துடன்.

"சத்தம் போடாதீங்க மாப்ள" என்று கிசுகிசுத்தார் மாமா. "உள்ள திருடன். அரை மணி நேரமா அழுதுகிட்டே இருக்கான். பாப்பா முழிச்சிருவான்னு சத்தத்தக் கொறச்சு வச்ச என் போனும் உள்ளதான் சார்ஜ்ல கெடக்கு."

"மாமா, பாப்பாவ ஏன் தொட்டில்லேருந்து எடுத்தீங்க?" என்றேன்.

"மாமா, பாப்பாவ ஏன் தொட்டில்லேருந்து எடுத்தீங்க?" என்றான் உள்ளே இருந்த திருடன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"தொட்டில்ல படுக்க மாட்டேன்னு அழுதா. தூளியில போட்டு ஆட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். குடையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப, 'தூங்கியிருப்பாரு'ன்னது என்னையா?"

நான் போனை அணைத்தேன். கேமரா அன்று மாலையே நண்பரிடம் போய்ச் சேர்ந்தது. வாங்கலாமா என்ற பேச்சை அதன்பின் நான் எடுக்கவேயில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. இன்றும் மத்தியானம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போடுவேன். முதல் மணியிலேயே மாமா எடுத்துவிடுவார். ஹலோ கிடையாது, நலமா கிடையாது.

"பாப்பா தூங்குறா. நான் தூங்கல மாப்ள" என்று சொல்லி வைத்துவிடுவார்.