அடைக்கலம் ஆமையும் ஒரு பிடி சிரிப்பிலையும்

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் ஓர் ஓடை, ஓடைக்குத் தெற்கே ஒரு சரகம், வடக்கே ஒரு சரகம், ஓடைக்கரையில் மூங்கில் தடுப்புப் போட்ட ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். ஆமையின் பெயர் அடைக்கலம். வயது நூற்றுப் பன்னிரண்டு. அத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

சோகம் எல்லாம் ஒன்றும் கிடையாது. வேளாவேளைக்குத் தின்று தூங்குகிற ஆமைக்கு என்ன சோகம்? விஷயம் வேறு. யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால் அது அடைக்கலத்தின் மண்டைக்குள் போய்ச் சேர நாளாகும். சேருகிற நேரத்தில் சொன்னவர் ஊரில் இருக்க மாட்டார். சிலது போய்ச் சேருவதே இல்லை.

அதன் பெண்டாட்டி மரகதத்துக்கு இது தீராத குறை. கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருக்கும்போதே மரகதம் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து ஒரு ஜோக் சொன்னது. "எங்கப்பா, 'மாப்பிள்ளையைப் பார்த்தாச்சு, வீட்டைப் பார்க்க வேண்டாமா?'ன்னு கேட்டாரு. 'அது மாப்பிள்ளை முதுகுலேயே வந்திருக்கேப்பா'ன்னு சொல்லிட்டேன்."

மேளம் வாசித்த தவளை வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கடுகடுவென்று இருக்கும் நண்டே சிரித்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எந்த வீடு?" என்று கேட்டது.

அது நடந்து எண்பது வருஷம். போன மாசம் ஒருநாள் மரகதம் அழுதேவிட்டது. "சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நீங்க சிரிச்சு நான் பார்க்கணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அடைக்கலம் யோசித்துப் பார்த்தது. பெண்டாட்டி நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? ஒரு சிரிப்பு. அதைக்கூடக் கொடுக்க வக்கில்லாமல் என்ன புருஷன்?

அந்த நேரம் பார்த்துத்தான் தென்சரகத்தில் சட்டம் மாறியது. காட்டில் ஓர் இலை உண்டு. ஊரில் அதைக் கஞ்சா என்பார்கள், காட்டில் சிரிப்பிலை. அதுவரை அதைத் தொட்டாலே குற்றம். இனிமேல் வயிற்றுவலி, மூட்டுவலி என்று பொய் சொல்லிக்கொண்டு வர வேண்டாம், சும்மா சந்தோஷத்துக்காகவே தின்னலாம் என்று தென்சரகத்துச் சிங்கம் கையெழுத்துப் போட்டுவிட்டது. வடசரகத்தில் பழைய சட்டம் அப்படியே இருந்தது. அங்கே அந்த இலையை நினைத்துக்கொண்டு தும்மினாலும் ஆறு மாசம்.

நம் தம்பதி குடியிருந்ததோ வடசரகத்துக் குளத்தில். அடைக்கலம் வாழ்நாளில் ஒரு சட்டத்தையும் மீறாத ஆமை. தென்சரகத்துச் சுற்றறிக்கையை வரவழைத்து, குளக்கரையில் உட்கார்ந்து ஒரு மாசம் படித்தது. மொத்தம் மூன்று அத்தியாயம். வாங்குவது பற்றி நரி எழுதியது, வைத்திருப்பது பற்றிக் காட்டெருமை எழுதியது, பயன்படுத்துவது பற்றி மயில் எழுதியது. நரிக்கும் காட்டெருமைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மயில் மற்ற இரண்டு அத்தியாயங்களையும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் தண்டனை: "மீறுவோரின் வீடு பறிமுதல் செய்யப்படும், அல்லது வீட்டுக்காவல் விதிக்கப்படும்."

பறிமுதல் என்ற வார்த்தையைப் படித்ததும் அடைக்கலம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மற்ற மிருகங்களுக்கு வீடு போனால் வீடுதான் போகும்.

"பயமா இருந்தா விட்டுடுங்க," என்றது மரகதம்.

"சட்டப்படி செஞ்சா எதுக்குப் பயம்? நீ ஓடைக்கு வடகரையில வந்து நில்லு. நான் தென்கரையிலேயே நின்னு சாப்பிட்டுச் சிரிக்கறேன். நீ பார்த்துக்கோ."

முயல் அரை மணியில் போகிற தூரத்தைப் பதினொரு நாளில் கடந்து அடைக்கலம் தென்சரக அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம் வரை நின்றது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில். சும்மா சொல்லக்கூடாது, மரியாதையான கொக்கு.

"வாங்க பெரியவரே. இருபத்தொரு வயசுக்கு மேல இருந்தாத்தான் இலை. உங்க வயசு?"

"நூத்திப் பன்னெண்டு."

கொக்கு படிவத்தில் எழுதியது. வயது என்ற இடத்தில் இருந்ததோ இரண்டே கட்டம். ஒன்று போட்டது, இன்னொரு ஒன்று போட்டது, கட்டம் தீர்ந்துவிட்டது.

"பதினொண்ணு," என்றது கொக்கு. பிறகு நிமிர்ந்து பார்த்து, "நீ மைனராச்சே தம்பி! அப்பா அம்மா கையெழுத்து வேணுமே."

"அவங்க போய்ச் சேர்ந்து எழுபது வருஷம் ஆச்சுங்களே."

"ஐயோ பாவம், இந்தச் சின்ன வயசுல," என்று கொக்கு உண்மையிலேயே வருத்தப்பட்டது. "கார்டியன் யாராவது?"

"பெண்டாட்டி இருக்கா. அவளுக்கு நூத்தி நாலு."

"அப்ப அவளுக்குப் பத்து. இதுல குழந்தைக் கல்யாணக் கேஸும் வரும் தம்பி, வாயை விடாத."

வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றி பொறுமை இழந்துவிட்டது. "ஏங்க, தொண்ணூத்தொம்பதுன்னு போட்டுத் தொலைங்களேன்! பத்திரத்துல நிலத்தோட விலையையே குறைச்சுப் போடறோம். வயசைக் குறைச்சா யாருக்கு என்ன நஷ்டம்?"

அடைக்கலத்துக்கு மனசு உறுத்தியது. ஆனால் வடகரையில் வந்து நிற்கப்போகிற மரகதத்தை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டியது. கொக்கு இரண்டு ஒன்பது போட்டு முத்திரை குத்தி, "போய்ட்டு வாங்க பெரியவரே," என்றது.

இலைக்கடை பக்கத்திலேயே இருந்தது. கடைக்காரர் ஒரு கரடி. சட்டப்படி ஆளுக்கு ஒரு பிடி வைத்திருக்கலாம். யார் பிடி என்று காட்டெருமை எழுதவில்லை. யானை வந்து தும்பிக்கையால் ஒரு பிடி பிடித்ததில் கடையில் பாதி காலியாகிவிட்டது. அணிலுக்கு ஒரு பிடி என்றால் ஒன்றரை இலை. குரங்கு நாலு கையையும் நீட்டி நாலு பிடி கேட்டது. பாம்பு கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, கேஸ் நடக்கிறது.

அடைக்கலம் முன்காலை நீட்டி மடக்கப் பார்த்தது. ஆமைக்கால் எங்கே மடங்கும்?

"வாயால பிடிங்க சாமி," என்றது கரடி. "பிடின்னா பிடிதான். ஆனா மென்னுடாதீங்க. வச்சிருக்கறது வேற அத்தியாயம், திங்கறது வேற அத்தியாயம். சொந்த வீட்டுக்குள்ளதான் திங்கணும். பொது இடத்துல கூடாது, வண்டியில கூடாது." சொல்லிக்கொண்டே கரடி ஆமையின் முதுகைப் பார்த்தது. "அட, உங்களுக்கு வீடு கையோடயே இருக்கே! தலையை உள்ள இழுத்துக்கிட்டு இங்கேயே தின்னுட்டுப் போக வேண்டியதுதானே?"

நியாயமான யோசனைதான். ஆனால் மரகதம் பார்க்காத சிரிப்பைச் சிரித்து என்ன பிரயோசனம்? அடைக்கலம் இலைகளை வாயில் கவ்விக்கொண்டு ஓடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. நாலு நாள் நடை. வாயைத் திறந்தால் பிடி போய்விடும் என்று நாலு நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எச்சில் ஊறினால் விழுங்கவும் பயம்.

ஓடைக்கரைக்கு வந்தபோது வடகரையில் மரகதம் குளித்து மினுமினுவென்று நின்றுகொண்டிருந்தது. அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் பத்தடி அகல ஓடை மட்டும்தான். அப்போது செக்போஸ்டிலிருந்து ஏட்டு வந்தது. ஏட்டு ஒரு கீரி.

"ஹலோ, நில்லுங்க. வாயில என்ன?"

அடைக்கலம் கண்ணை மட்டும் உருட்டியது. மரகதம் எதிர்க்கரையிலிருந்து குரல் கொடுத்தது. "ஏட்டய்யா, ஒரு பிடி வச்சிருக்கலாம்னு சட்டம் இருக்குங்க."

"வாயில வச்சிருந்தா அது வச்சிருக்கறதா, திங்கறதா?"

"முழுங்கினாத்தானே திங்கறது?"

"இது பொது இடம்மா. பொது இடத்துல வாயும் இலையும் ஒண்ணா இருக்கக் கூடாது."

"என்னங்க, உள்ள போங்க!" என்று கத்தியது மரகதம். அடைக்கலம் சடக்கென்று தலையை இழுத்துக்கொண்டது. அது சடக்கென்று செய்கிற காரியம் அது ஒன்றுதான். "இப்ப அவரு சொந்த வீட்டுக்குள்ள இருக்காரு. என்ன செய்வீங்க?"

ஏட்டு சுற்றறிக்கையை எடுத்து முன்னாலும் பின்னாலும் புரட்டியது. "வீடுங்கறீங்க. ஆனா இது நகருதே. நகர்ந்தா வண்டி."

"இப்ப நகரலையே."

"நிறுத்தி வச்ச வண்டி."

"வண்டின்னா சக்கரத்தைக் காட்டுங்க பார்ப்போம்!"

ஏட்டுக்கு வேர்த்துவிட்டது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு ஆமையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சக்கரம் இல்லை. "சரிம்மா, வீடுன்னே வச்சுக்குவோம். வீடுன்னா உள்ள எத்தனை பிடி பதுக்கியிருக்காருன்னு நான் சோதனை போடணும்." குனிந்து ஓட்டுக்குள் குரல் கொடுத்தது. "ஐயா, கொஞ்சம் வெளியே இறங்கி நில்லுங்க. ஆளைப் பார்த்தாச்சு, வீட்டைப் பார்க்க வேண்டாமா?"

உள்ளே இருட்டில் அடைக்கலம் அந்த வார்த்தையைக் கேட்டது. வீட்டைப் பார்க்க வேண்டாமா. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே. மணவறை. தவளை மேளம். மாமனார். வீட்டைப் பார்க்க வேண்டாமா. வீடு. மாப்பிள்ளை. முதுகு.

முதுகு!

முதலில் ஓடு நடுங்கியது. பிறகு குலுங்கியது. பிறகு தலை வெளியே வந்தது, வாய் அகலமாகத் திறந்தது, நாலு நாள் காப்பாற்றிய இலைகள் மொத்தமும் ஓடையில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டன. நூற்றுப் பன்னிரண்டு வருஷத்துச் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் கரையில் இருந்த நாணல் எல்லாம் ஆடியது.

"முதுகுலேயே!" என்று அடைக்கலம் மூச்சுத் திணறியது. "மரகதம்! முதுகுலேயே வந்திருக்குன்னு சொன்னியே! அட, முதுகுலேயே!"

மரகதத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அதற்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எண்பது வருஷம் ஆச்சுங்களே உங்களுக்கு! பாவி மனுஷா, எண்பது வருஷம்!"

ஏட்டு பேனாவைத் திறந்து எழுதியது: "சிரித்தார்."

"ஐயா, அவரு ஒரு இலைகூடத் தின்னலைங்க. அதோ தண்ணியில போகுது பாருங்க."

"தின்னாம யாரும்மா இந்தச் சிரிப்பு சிரிப்பாங்க? எதுக்குச் சிரிச்சாருன்னு எழுத?"

"நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு."

"எப்ப சொன்னீங்க?"

"எங்க கல்யாணத்துல. எண்பது வருஷம் முன்னாடி."

ஏட்டு அடைக்கலத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "கடுமையான போதை," என்று எழுதி அடிக்கோடு போட்டது. "வீடு பறிமுதல்."

அடைக்கலத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. மரகதம் தண்ணீரில் இறங்கிவிட்டது. "ஐயா சாமி! அது வீடு இல்லைங்க, அவரு உடம்பு!"

"இப்பத்தானேம்மா வீடு வீடுன்னு சாதிச்சீங்க? வாயால சொன்னது வாக்குமூலம்."

ஏட்டு ஓட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது. வீட்டோடு சொந்தக்காரரும் வந்தார். கவிழ்த்துப் போட்டு உலுக்கியது. சொந்தக்காரர் விழவில்லை. வலி தாங்காமல் அடைக்கலம் முனகியது. மரகதம் நீந்தி வந்து தென்கரையில் ஏறி ஏட்டின் காலைக் கவ்விக்கொண்டது. ஏட்டு களைத்துப்போய் உட்கார்ந்து, பறிமுதல் ரிஜிஸ்டரைத் திறந்தது. பொருளின் பெயர், எடை, நிறம், எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பறிமுதலான பொருள் மத்தியானம் சாப்பாடு கேட்டால் எழுத ஒரு கட்டமும் இல்லை.

ஏட்டு யோசித்தது. பறிமுதலை அடித்துவிட்டு எழுந்து நின்று, தொப்பியை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, கடுமையான குரலில் வாசித்தது.

"குற்றவாளி அடைக்கலம், வயது தொண்ணூற்றொன்பது, இன்று முதல் ஓராண்டு வீட்டுக்காவல். ராத்திரியானாலும் பகலானாலும், எக்காரணம் கொண்டும், வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது!"

மரகதம் புருஷன் முகத்தைப் பார்த்தது. இது போய்ச் சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ என்று அதற்குக் கவலை.

ஒரு நொடிகூட ஆகவில்லை. அடைக்கலம் வெடித்துச் சிரித்தது.

"மறுபடியும் சிரிச்சீங்க! இன்னும் ஒரு வருஷம் வீட்டுக்காவல்!" என்றது ஏட்டு. அடைக்கலம் மல்லாந்து விழுந்து சிரித்தது. "மூணு வருஷம்!" நாலு காலையும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டு சிரித்தது. பொழுது சாயும்போது கணக்கு நாற்பத்து மூன்று வருஷத்துக்கு வந்திருந்தது, பேனாவில் மை தீர்ந்திருந்தது. மரகதம் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, புருஷன் சிரிப்பதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: சட்டம் யாருக்கும் புரியப்போவதில்லை, ஆகவே தண்டனையை முன்கூட்டியே முதுகில் சுமந்து பழகிக்கொள்ளவும்.