சுருட்டுச் சாமியும் கல்யாண வேட்டியும்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயிலடியில் ஞாயிறு காலை எட்டு மணிக்கே நிற்க இடமில்லை. விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தாலும் எழும்பாத ஆட்களெல்லாம் குளித்து, திருநீறு பூசி, கக்கத்தில் ஆளுக்கொரு சேவலோடு வந்திருந்தார்கள். சேவல்களுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கத்திக்கொண்டே இருந்தன.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷமாகிறது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இன்னும் போகவில்லை. அதற்குள் சுருட்டுச் சாமி வேறு வந்துவிட்டார். கொல்லிமலையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தாராம். தவத்தில் கிடைத்தது ஒரு சடை, ஒரு தொந்தி, ஒரு கட்டுச் சுருட்டு. இருமல் என்பது இருமலே இல்லை, செய்வினை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதை முதலில் நம்பியவர் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி நல்லமுத்து. கங்காணி நம்பினால் லயத்து வீடுகளில் இருக்கும் அத்தனை பேரும் நம்பியாக வேண்டும்.

வைத்தியம் இதுதான். நோயாளியைத் தலையோடு காலாகக் கம்பளியால் மூட வேண்டும். பேய் முகம் பார்த்துவிடக் கூடாதாம். சாமி நோயாளியைத் தொடமாட்டார். தொட்டால் பேய் அவர்மேல் தாவிவிடுமாம். வெள்ளைத் துணி ஒன்றை நெஞ்சுக்கு மேலே விரித்துப் பிடித்து, சுருட்டை வாய் நிறைய இழுத்து, துணியில் வாயை அழுத்தி ஊதுவார். மூன்று ஊதல். துணியின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் விழும்.

"பாத்தீங்களா? உள்ள இருந்த செய்வினை வெளிய வந்துருச்சு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சேவல் சாமிக்கு. துணி வீட்டு அடுப்புக்கு. நோயாளிக்கு மந்திரித்த சுருட்டு, நாளைக்கு ஆறு. மிச்சப் பேயைப் புகை போட்டு விரட்ட வேண்டுமே!

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் சிவசாமிக்கும் இப்படித்தான் நடந்தது. பன்னிரண்டு வயதில் பிடித்த சுருட்டை முப்பத்தெட்டிலும் அவன் விடவில்லை. மேல்மலைக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருவான். காலையில் கறுப்பாகச் சளி துப்புவான். தோட்டத்து டாக்டர் ஐயா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "சுருட்ட இன்னைக்கே விட்டுரு. நுவரெலியா ஆஸ்பத்திரியில நெஞ்சப் படம் புடிச்சுப் பாரு. இல்லாட்டி நீ மிஞ்சமாட்ட" என்று கடுதாசி எழுதிக் கொடுத்தார். டாக்டர் சேவல் கேட்கவில்லை. அதனால் யாரும் அவரை நம்பவில்லை. ஊசி ஏறினால் மந்திரம் இறங்கிவிடும் என்று சாமி சொன்னதும், கடுதாசி முருகன் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

ஒரு வாரம் மந்திரச் சுருட்டு குடித்ததில் சிவசாமியின் உதடு நீலம் பாய்ந்தது. நாலு வார்த்தை சேர்த்துப் பேச மூச்சு போதவில்லை. அவன் மனைவி பூரணி பயந்துபோனாள். அதோடு இன்னொரு குற்றமும் அவளை உறுத்தியது. சாமி ஊதியது சிவசாமியின் கல்யாண வேட்டியில். அதை அடுப்பில் போட மனம் வராமல் ஒளித்து வைத்திருந்தாள். கடைசியில் தோட்டத்து டோபி ராக்காயியிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"அக்கா, இது செய்வினைக் கறை. போகுமா?"

ராக்காயி மோந்து பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் புள்ள, அந்த ஆளு வாய் பட்டது எந்தப் பக்கம்?"

"மடிச்சுக் குடுத்ததே நாந்தான். இந்தப் பக்கம்."

"கறையும் இந்தப் பக்கந்தானே கருப்பா இருக்கு! நெஞ்சுலேருந்து வந்திருந்தா அடிப்பக்கமில்ல கருத்திருக்கணும்? துரை பைப்பு குடிச்சிட்டு வாய் தொடைக்கிற கைலேஞ்சியில தெனமும் இதே கறைதான். சோடா போட்டு அவிச்சு அவிச்சு என் கை வெந்து போச்சு. துரைக்கு எவ வச்சா செய்வினை?"

"சாமி குத்தமாயிறாதாக்கா?"

"ஆச்சுன்னா என் தலையில போடு. ஞாயித்துக்கிழம நான் சொல்றத மட்டும் செய்யி."

அந்த ஞாயிறுதான் இது. பூரணி விடிந்ததுமே வந்து பாயில் கிடத்திக் கம்பளியும் போர்த்திவிட்டாள். "எந்திரிக்கவே முடியல சாமி" என்றாள். சாமி தலையசைத்தார். இழுத்தார், ஊதினார், துணியைத் தூக்கினார்.

"அம்மாடி! ஏழு வருஷத்துச் செய்வினை! நெஞ்சுல வேர் விட்டிருந்துச்சு, புடுங்கிட்டேன். இப்ப மூச்சு சீரா வருது, கேக்குதா?"

"நல்லாக் கேக்குது சாமி!" என்றார் நல்லமுத்து கங்காணி.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த இருமல். திரும்பிப் பார்த்தால், மரத்தைப் பிடித்துக்கொண்டு சிவசாமி நிற்கிறான்.

ராக்காயி கம்பளியை உருவினாள். பாயில் இரண்டு கொழுந்துக் கூடைகள் படுத்திருந்தன.

சாமி லேசுப்பட்டவர் இல்லை. "பேய் ஆளக் கூடையா மாத்திருச்சு!" என்று கத்தினார்.

"அப்ப அங்க நின்னு இருமுறது யாரு?" என்றாள் ராக்காயி.

யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் கோயிலடியே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சாமி றோட்டுக்கு இறங்கிவிட்டார். கொல்லிமலைத் தவம் அவருக்கு நல்ல கால்களைக் கொடுத்திருந்தது.

சிவசாமி மட்டும் சிரிக்கவில்லை. ராக்காயி கறைத் துணியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாத்துக்க தம்பி. இது வெறும் மூணு வாய்ப் புகை. அதையும் அந்த ஆளு உள்ள எறக்காம வெளிய ஊதிட்டான். நீ இருபத்தாறு வருஷமா உள்ள இழுத்து வச்சிருக்க. துணின்னா நான் வெளுத்துத் தருவேன். நெஞ்சக் கழட்டித் தருவியா?"

சிவசாமி மடியிலிருந்த மந்திரச் சுருட்டுகளை எடுத்துத் தண்ணீர் ஓடும் கானில் போட்டான். பூரணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்த கடுதாசியோடு பஸ் ஏறினார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, போனது போனதுதான், இனிச் சுருட்டைத் தொடாவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் மிச்சம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். அந்த இரண்டு வாரத்தை எந்தச் சாமியும் திருப்பித் தரப்போவதில்லை.

நல்லமுத்து கங்காணி திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அன்று மாலையே ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "இவன் போலிப்பா. நல்லதண்ணி ஊர்ப் பக்கம் நெசமான சாமி ஒருத்தர் வந்திருக்காராம்" என்றார். சுற்றி நின்றவர்கள் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

சாமி ஊதும்போது கூடைகள் பேசாமல் படுத்திருந்தன. அவற்றுக்கு யோசிக்கத் தெரியாது, மன்னித்துவிடலாம். உங்களுக்கு என்ன வந்தது?